தலைத் திவசத்துக்கு முன்பே அப்பாவுக்கு மறுமணம்: நகை, படகு, கூப்பிடும் முறை

கேள்வி: மண்டபத்தில் அப்பா (61) விசைப்படகு வைத்திருக்கிறார். இரண்டு வருடம் படுக்கையில் கிடந்த அம்மா இறந்து ஏழு மாதம்தான். அதற்குள் தொண்டிப் பக்கம் கணவரை இழந்த ஒருவரைக் கட்டிக்கொண்டார். நானும் தம்பியும் வெளியூரில். அவரை என்னவென்று கூப்பிடுவது? அம்மாவின் நகை என்னாகும்?

பதில்: துக்கத்தையும் நகையையும் ஒரே நாளில் பேசாதீர்கள். "அம்மாவை மறந்துட்டீங்களே" என்று தொடங்கி நகையில் போய் முடித்தால், அப்பா காதில் நகை மட்டும்தான் விழும்.

நகையை முதலில் முடியுங்கள். அதில் சட்டம் தெளிவு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, 15ஆம் பிரிவுப்படி, உயில் எழுதாமல் இறந்த அம்மாவின் சொந்த நகை அப்பா, நீங்கள், தம்பி மூவருக்கும் சமம். புது மனைவிக்கு நேரடிப் பங்கில்லை. அப்பா தன் பங்கை அவருக்குக் கொடுத்தால் தடுக்கவும் முடியாது. (கிறிஸ்தவக் குடும்பத்தில் கணவருக்கு மூன்றில் ஒன்று, முஸ்லிம் குடும்பத்தில், பிள்ளைகள் இருந்தால், நான்கில் ஒன்று.) ஒவ்வொரு உருப்படியையும் கிராம் கணக்கில் எடை போட்டு, படம் எடுத்து, பட்டியலில் மூவரும் கையெழுத்திடுங்கள். அடகில் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தக் கரையில் டீசலுக்கும் வலைக்கும் முதலில் போவது வீட்டுப் பெண்களின் நகைதான். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அம்மா இறந்த அன்று இருந்தவர்களே வாரிசு என்பதால் புதியவர் பெயர் அதில் வராது.

படகு அப்பா பெயரில் இருந்தால், அம்மா நகையை விற்று வாங்கியதாக இருந்தாலும், பெரும்பாலும் அப்பாவுடையதாகவே கருதப்படும். அவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு. அவருடைய தாயார் இருந்தால் அவருக்கும் ஒன்று. அதனால் உயில் எழுதச் சொல்வது நல்லது. இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. புதியவரிடம் விடுதலைப் பத்திரம் (பங்கு வேண்டாம் என்று எழுதித் தருவது) கேட்பதைவிட, ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை உயிலில் சேர்க்கச் சொல்லுங்கள். போக்கிடம் உறுதியானவர் பெட்டிச் சாவிக்காக மல்லுக்கட்ட மாட்டார்.

இதையெல்லாம் பேச ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் தோது. படகு கரையில் நிற்கும், அப்பாவும் வீட்டில் இருப்பார். பேச்சுக்கு நடுவில் தாய்மாமனை உட்கார வைக்காதீர்கள். வழக்கம் அதுதான், ஆனால் அவர் அக்காவையோ தங்கையையோ பறிகொடுத்தவர். நடுநிலை அவரால் முடியாது. அப்பா வயதொத்த பங்காளி ஒருவர் போதும்.

ஏழு மாதம் உங்களுக்குக் குறைவு. அப்பாவுக்கு அந்தக் கணக்கு, அம்மா படுத்த நாளிலிருந்தே ஓடியிருக்கலாம். பக்கத்தில் இருந்து பார்த்தவர் பாதித் துக்கத்தை அப்போதே கழித்திருப்பார். வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சாவு வீட்டில்தான் அது தொடங்குகிறது. ஆனால் மறதி, திடீர்க் கடன், குணமாற்றம் சேர்ந்தே வந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கே தூக்கமோ சாப்பாடோ வாரக்கணக்கில் கெட்டால் 14416 என்ற கட்டணமில்லா மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கூப்பிடும் முறைக்கு அவசரமில்லை. 'சின்னம்மா' நாக்கில் வராவிட்டால், முறை சொல்லாமல் 'வாங்க', 'சாப்பிட்டீங்களா' என்றே ஒரு வருடம் ஓட்டலாம். தமிழ் அதற்கு இடம் கொடுக்கிறது. உங்கள் பிள்ளைகள் 'அம்மாச்சி' என்று அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள் என்றால், அந்தச் சொல் அவருக்கே இருக்கட்டும்; இவர் 'பாட்டி'. தலைத் திவசத்தைத் தம்பி சேதுக்கரையிலோ அக்னி தீர்த்தத்திலோ கொடுக்கட்டும். திதியை முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லுங்கள். புதியவர் வருவதா வேண்டாமா என்பதை அவரிடமே விடுங்கள். அவரும் தன் முதல் கணவருக்குத் திதி பார்ப்பவராக இருப்பார்.