சுழியம் எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய தமிழ் எண்களில் சுழியம் கிடையாது. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகளை வைத்தே எல்லாக் கணக்கும் நடந்திருக்கிறது. அப்படியென்றால் எண்முறைக்குச் சுழியம் உண்மையிலேயே தேவைதானா? அளவையிலும் இதே சந்தேகம். ஒன்றுமில்லாததை யாரும் அளக்கப்போவதில்லை. பிறகு ஏன் எல்லா அளவுகோலிலும் அது முதலில் வந்து நிற்கிறது?

கா.

அன்புள்ள கா.,

எண்களை எழுதுவதில் சுழியத்துக்கு ஒரு வேலை, அளப்பதில் இன்னொரு வேலை. அதனால் தனித்தனியாகப் பார்க்கலாம்.

205-ஐப் பழைய முறையில் ௨௱௫ என்று எழுதுவார்கள். பத்துக்கான ௰ வரவில்லை, ஆகவே அங்கே பத்துகள் இல்லை. குழப்பத்துக்கே இடமில்லை. நீங்கள் சொல்வது சரி, இந்த முறைக்குச் சுழியம் தேவைப்படவில்லை. ஆனால் ௨௱௫-ஐ ௩௰௪-ஆல் பெருக்கிப் பாருங்கள். நூறைப் பத்தால் பெருக்கினால் ஆயிரம் என்பதுபோல ஒவ்வொரு குறிக்கும் தனியாக விடை தெரிந்திருக்க வேண்டும். வாய்ப்பாட்டு நூலான எண்சுவடியை அவ்வளவு பாடுபட்டு மனப்பாடம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். 205, 34 என்று இடமதிப்பில், அதாவது இலக்கம் நிற்கும் இடமே அதன் மதிப்பைச் சொல்லும்படி எழுதினால் ஒன்பது வரை வாய்ப்பாடு தெரிந்தாலே போதும், மீதியை இடங்கள் பார்த்துக்கொள்ளும்.

இடமதிப்பு வந்துவிட்டால் சுழியம் இல்லாமல் தீராது. பாபிலோனியர்கள் நம் பத்துக்குப் பதிலாக 60-ஐ அடிமானமாக வைத்து இடமதிப்பில் எழுதினார்கள். காலியான இடத்தில் வெறும் இடைவெளி விட்டார்கள். பிற்காலத்தில் அங்கே இரண்டு சாய்ந்த ஆப்புக் குறிகளைப் போட்டார்கள், அதுவும் பெரும்பாலும் எண்ணின் நடுவில்தான். கடைசி இடத்தைக் குறிக்காததால் ஒரே குறி 1-ஆகவும் 60-ஆகவும் 3600-ஆகவும் நின்றது. எது என்பதைச் சூழலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழ் எண்களையும் இன்று இடமதிப்பில் எழுதுகிறோம், அதற்கு ௦ வேண்டியிருக்கிறது. கணினி எழுத்துக்களுக்கான பொதுத் தரமான யூனிகோடில் அது 2005-இல்தான் சேர்ந்தது.

இனி அளவைக்கு வருகிறேன். ஒன்றுமில்லாததை யாரும் அளப்பதில்லை என்ற இடத்தில் நான் முழுக்க மாறுபடுகிறேன். ஆய்வகத்தில் முதலில் அளக்க வேண்டியதே அதைத்தான்.

வெர்னியர் அளவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு முதன்மைக் கோலும், அதன்மேல் நகரும் பத்துப் பிரிவுள்ள வெர்னியர் கோலும் உண்டு. எதையும் வைக்காமல் தாடைகளை மூடினால் இரண்டு கோல்களின் சுழிகளும் ஒன்றிப்போக வேண்டும். தாடை தேய்ந்திருந்தால், தூசி இருந்தால் ஒன்றாது. மீச்சிற்றளவு, அதாவது கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 செ.மீ. என்று வைப்போம். வெர்னியரின் சுழி வலப்பக்கம் தள்ளி நின்று அதன் 4-ஆவது பிரிவு முதன்மைக் கோலின் ஒரு கோட்டோடு பொருந்தினால் பிழை +0.04 செ.மீ., எல்லா அளவிலும் அதைக் கழிக்க வேண்டும். சுழி இடப்பக்கம் தள்ளி நின்று 6-ஆவது பிரிவு பொருந்தினால் மாணவர்கள் பலர் −0.06 என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. இப்போது 10-இலிருந்து திரும்பி எண்ண வேண்டும்: பிழை −0.04, ஆகவே 0.04-ஐக் கூட்ட வேண்டும்.

இந்த 0.04-ஐ அலட்சியம் செய்யக்கூடாது. 2 செ.மீ. விட்டமுள்ள குண்டில் அது 2 சதவீதம். கன அளவில் விட்டம் மூன்று முறை பெருக்கப்படுவதால் ஏறக்குறைய 6 சதவீதமாகிவிடும். பத்துமுறை அளந்து சராசரி எடுத்தாலும் குறையாது, ஏனென்றால் பத்து அளவுகளும் ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

ஸ்டீல் டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடுவதும் சுழியத்துக்காகத்தான். விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கியின் தடிமன் அளவுக்கு வெளியே வரும், சுவரில் முட்டும்போது அதே அளவு உள்ளே போகும். இரண்டு விதத்திலும் சுழி சரியான இடத்தில் அமைகிறது. பழுது என்று நினைத்து அதைத் தட்டி இறுக்கிவிட்டால் இரண்டில் ஒரு விதமான அளவு எப்போதும் தப்பாகவே வரும்.

வெப்பநிலையில் சுழியை வைத்ததே நாம்தான். 1742-இல் செல்சியஸ் முன்வைத்த அளவில் நீர் கொதிப்பது 0, உறைவது 100. பிறகுதான் தலைகீழாக மாற்றினார்கள். இஷ்டப்பட்ட இடத்தில் வைத்த சுழியிலிருந்து வித்தியாசம் பார்க்கலாம், மடங்கு பார்க்க முடியாது. 30 டிகிரி என்பது 15 டிகிரியைப்போல் இரண்டு மடங்கு வெப்பநிலை அல்ல. மெய்யான சுழியிலிருந்து தொடங்கும் கெல்வின் அளவில் அவை 303.15, 288.15. வித்தியாசம் 5 சதவீதம்தான். வாயுவின் கன அளவு வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும் என்று சொல்லும் வாயுச் சமன்பாட்டில் செல்சியஸை அப்படியே போட்டால் நீர் உறையும் வெப்பநிலையில் வாயுவின் கன அளவு சுழியம் என்று விடை வரும். அங்கே 273.15-ஐக் கூட்டிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்