செட்டிநாட்டில் புது வீடு கட்டுகிறோம். பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்குவது தேவையா, வீண் செலவா?

வாங்குங்கள். சுற்றுச்சூழலுக்கு உகந்தபடி கட்டியதற்கு மதிப்பெண் போட்டு, மொத்தத்துக்கு ஏற்பத் தரப் படி தருவதுதான் அந்தச் சான்றிதழ். ஆனால் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன்பே முடிவு செய்யுங்கள். பால் காய்ச்சும் நேரத்தில் யோசித்தால் நான் பட்ட பாடுதான் உங்களுக்கும்.

நீங்கள் வெளியூரில் இருந்துகொண்டு பொறியாளரை நம்பிக் கட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே பாதி வீடுகள் அப்படித்தான் எழும்புகின்றன. காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடும் அப்படித்தான் எழும்பியது. நடுவில் வளவு என்கிற வானம் பார்த்த முற்றம், சுண்ணாம்புப் பூச்சு, தரைக்கு ஆத்தங்குடிக் கல், பிரித்த வீட்டிலிருந்து வாங்கிய தேக்குத் தூண்கள். சுவர் பூசும்போதுதான் ஓர் ஆலோசகர் வந்தார். "இதற்கு உயர்ந்த தரமே கிடைக்கும்" என்றார். நம்பிப் பணம் கட்டினேன்.

பிறகு அவர் ஒவ்வொரு காகிதமாகக் கேட்க ஆரம்பித்தார். பழைய மரத்தை மறுபடி பயன்படுத்தினால் மதிப்பெண் உண்டு. ஆனால் தூண்கள் விற்றவர் எனக்குத் தந்தது மொத்தத் தொகை எழுதிய துண்டுச் சீட்டு. அருகில் செய்த பொருளுக்கும் மதிப்பெண் உண்டு. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள், சூளையே கிடையாது. இதைவிடப் பசுமையான தரை எது? ஆனால் எத்தனை கல், என்ன விலை என்று நான் எழுதி வாங்கவில்லை. மேல்மண்ணைக் குவித்துவைத்துத் தோட்டத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் அதற்கும் உண்டு. பொக்லைன் வந்த முதல் நாளே அது லாரியில் போய்விட்டது. வீட்டுக்குள் பகல் வெளிச்சம் எவ்வளவு வரும் என்ற கணக்குக்கு வரைபடத்தைக் கொடுத்தோம். அதில் இருந்த சன்னல் அளவு வேறு, கொத்தனார் வைத்த அளவு வேறு. கடைசியில் கிடைத்தது, அவர் சொன்னதற்கு இரண்டு படி கீழே.

தவறு சான்றிதழ் முறையில் இல்லை. எதையும் எழுதிவைக்காதது என் தவறு, தாமதமாக வந்தும் ஆசை காட்டியது அவர் தவறு. மதிப்பிட வருபவர் நம் வீட்டில் ஒரு கோடை தங்கிப் பார்க்கப் போவதில்லை. காகிதத்தையும் படத்தையும் வைத்துத்தானே அவர் தீர்மானிக்க முடியும்?

"நம் முன்னோர்கள் சான்றிதழ் வாங்கியா கட்டினார்கள்?" என்று கீழே யாராவது எழுதுவார்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு, அப்பத்தா வீட்டு வளவில் சித்திரை மாதத்தில் விசிறியில்லாமல் தூங்கியவன் நான். ஆனால் அந்த வீடுகளுக்குத் தேக்கு பர்மாவிலிருந்தும் பளிங்கு இத்தாலியிலிருந்தும் கப்பலில் வந்தன. இன்றைய கணக்கில் அதற்கு மதிப்பெண் கிடைக்காது. தடித்த சுவரும் வளவும் கற்றுத் தருவதை எடுத்துக்கொள்வோம், மற்றதையும் உண்மையாகச் சொல்வோம். நான் எந்த நிறுவனத்துக்கும் ஆள் பிடிக்கவும் இல்லை.

எந்தச் சான்றிதழ் என்றால், தனி வீட்டுக்கு 'லீட்' என்ற அமெரிக்கச் சான்றிதழ் வரைக்கும் போக வேண்டாம் என்பது என் கருத்து. அதில் 110 மதிப்பெண்ணில் 40 எடுத்தால் சான்றிதழ், 80 எடுத்தால் உச்சப் படியான பிளாட்டினம். இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சிலுக்கு வீடுகளுக்கென்றே தனித் தரம் இருக்கிறது. 2007-இல் மத்திய அரசு தேசியத் தரமாக ஏற்ற 'கிருஹா' என்ற மதிப்பீட்டு முறையில், 2,500 சதுர மீட்டருக்கு உட்பட்ட கட்டடங்களுக்கென்று ஸ்வகிருஹா என்ற எளிய வடிவம் உண்டு. விதிப் புத்தகத்தை முதலில் நீங்களே படியுங்கள். கட்டாய நிபந்தனை ஒன்று தவறினாலும் மற்ற மதிப்பெண்கள் கைகொடுக்காது. ஒரு கோப்பு போட்டு, சிமென்ட் மூட்டை முதல் ஆணி வரை ரசீதை அதில் சேருங்கள். வாரம் ஒருமுறை தேதியோடு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊர்களில் கூரைத் தண்ணீர் வளவில் விழுந்து, தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும்படி வாட்டம் வைத்தே தெருக்களை அமைத்தார்கள். எங்கள் தெருவில் அந்தக் கால்வாயின் மேல் சிலாப் போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். இடித்த வீடுகளின் இடிபாடு முழுவதும் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் கிடக்கிறது. மூன்று முறை மனு கொடுத்தேன், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. என் மனைக்குள் மழைநீர்த் தொட்டி கட்டியதற்கு மதிப்பெண் கிடைத்தது, சந்தோஷம்தான். ஆனால் ஐப்பசி மழையிலும் ஊருணி பாதிகூட நிறையவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் மனை எந்த ஊர் என்று எழுதுங்கள். அங்கே வரத்துக்கால் எந்தப் பக்கம் போகிறது என்று பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். வாசல்படி உயரத்தை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.