பிறந்தநாள் பொம்மைகளில் எதைக் கொடுப்பது, எதை எடுத்து வைப்பது?

கேள்வி: எங்கள் மகனுக்கு இன்னும் 10 நாளில் முதல் பிறந்தநாள். மூத்தவளுக்கு ஆறு வயது. இப்போதே வீடு நிறைய பொம்மை, விழாவன்று இன்னும் வரும். எல்லா அட்டையிலும் ‘நான்-டாக்ஸிக்’ (நச்சு இல்லாதது) என்று போட்டிருக்கிறது. அது போதுமா? பிளாஸ்டிக்கை ஒதுக்கிவிட்டு மரப் பொம்மை மட்டும் கொடுக்கலாமா? மாமியார் வாக்கர் வாங்கித் தருகிறேன் என்கிறார், வாங்கட்டுமா? (தேனி வாசகி)

குழந்தை நல மருத்துவரின் பதில்:

மகனுக்கு என் அன்பு வாழ்த்துகள்.

பிளாஸ்டிக்கா மரமா என்பதை இரண்டாவதாகப் பார்க்கலாம். ஒரு வயதுப் பிள்ளை கையில் கிடைத்ததை வாயில் வைத்துத்தான் அது என்னவென்று தெரிந்துகொள்கிறான். அதனால் ஒரு பொம்மையை எடுத்தவுடன், ‘இது முழுசாக, அல்லது உடைந்தால் இதன் ஒரு துண்டு, இவன் தொண்டைக்குள் போகுமா?’ என்று கேளுங்கள்.

இதைக் கண்ணால் அளந்து சொல்ல முடியாது. கெட்டியான அட்டையில் 10 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, 10 செ.மீ. பக்கத்தின் முனையும் முனையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் தொடும்படி வளைத்து ஒட்டுங்கள். சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய் கிடைக்கும். பொம்மைச் சோதனைக் கூடங்களில் வைத்திருக்கும் உருளையும் ஏறக்குறைய இந்த அளவுதான். இதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் மூன்று வயது முடியும்வரை உங்கள் மகன் கைக்கு வேண்டாம். பந்துக்கு இன்னும் பெரிய வளையம் வேண்டும், ஏனென்றால் உருண்டையான பொருள் தொண்டையில் இடைவெளியே விடாமல் அடைத்துக்கொள்ளும். 14 செ.மீ. பட்டையில் வளையம் செய்து, அதில் நுழையும் பந்தை எடுத்து வைத்துவிடுங்கள். டேபிள் டென்னிஸ் பந்துகூட அதில் நுழைந்துவிடும், செய்து பாருங்கள்.

‘3 வயதுக்கு மேல்’ என்று அட்டையில் இருந்தால், ‘என் பிள்ளை கெட்டிக்காரன், விளையாடுவான்’ என்று பல பெற்றோர் வாங்கிவிடுகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் புத்திசாலித்தனத்தைப் பற்றியதல்ல, உள்ளே சின்னத் துண்டுகள் இருக்கின்றன என்பதற்கான எச்சரிக்கை.

அப்புறம், மூத்தவளின் சாமான்கள். பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் சோழி, புளியங்கொட்டை, கோக்கும் பாசிமணி, சொப்புச் சாமானில் வரும் குட்டி மூடிகள் எல்லாம் தரையில் இருந்தால் தம்பிக்கும் விளையாட்டுப் பொருள்தான். விழாவுக்குக் கட்டும் பலூனையும் இதில் சேர்க்கிறேன். ஊதாத பலூனும் வெடித்த துண்டும் மூச்சுக்குழாயின் வாயில் ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும், தட்டினாலும் எளிதில் வராது. சாப்பாட்டுப் பரபரப்பில் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் துண்டுகளைப் பொறுக்கும் வேலையை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

என்னை மிகவும் பயமுறுத்துவது பட்டன் பேட்டரி. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, திருவிழாக் கடையில் விற்கும் மின்னும் மோதிரம், சின்ன ரிமோட் என எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பொம்மையைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்க வேண்டும். உங்கள் நகத்தால் நெம்பித் திறக்க முடிந்தால், அதைப் பிள்ளை கீழே போட்டாலே திறந்துகொள்ளும்.

20 மி.மீ. அகலமுள்ள லித்தியம் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரமான சதை வழியாக மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் காஸ்டிக் சோடா போன்ற காரம் உண்டாகி சதையை அரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஆகிவிடலாம். நான் பார்த்த ஒரு குழந்தைக்கு எச்சில் வடிதலும் சாப்பிட மறுத்ததும் மட்டும்தான் அறிகுறி. பல் முளைக்கிறது என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள். எக்ஸ்ரேயில் அது காசு போலத் தெரியும், ஆனால் ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், சோறும் கொடுக்காமல், எக்ஸ்ரேயும், உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும் உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். ஒரு வயது முடிந்த குழந்தை என்றால், விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. தேன் தேடிப் பயணத்தைத் தாமதிக்காதீர்கள். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

குட்டிக் காந்த உருண்டைகளும், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகளும் உங்கள் வீட்டுக்கே வேண்டாம். இரண்டு காந்தங்கள் குடலின் இரு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுத்தால் குடல் ஓட்டையாகும். வண்ண மணி வயிற்றுக்குள்ளும் ஊதி அடைக்கும், சாதாரண எக்ஸ்ரேயிலும் தெரியாது.

சரி, ‘நான்-டாக்ஸிக்’ விஷயத்துக்கு வருகிறேன். அந்த வார்த்தையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும், 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை, முத்திரை வழங்கும் பி.ஐ.எஸ். அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் தயாரிப்பாளர் விவரம் வரும். வரவில்லையென்றால் அந்தப் பொம்மையை நம்பாதீர்கள்.

பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் இந்தக் கட்டாயம் கிடையாது. முத்திரை இல்லாத மரப் பொம்மை எல்லாமே மோசம் என்று நினைத்துவிட வேண்டாம். அதே சமயம், மரம் என்பதாலேயே நல்லது என்றும் ஆகிவிடாது. பூச்சைப் பார்க்க வேண்டும். பளபளக்கும் எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கலாம், அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கடையிலேயே ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினாலோ செதில் உரிந்தாலோ வேண்டாம், ஆனால் ஒட்டாததால் மட்டும் ஈயம் இல்லை என்று சொல்ல முடியாது. இந்த வயதுக்குப் பூச்சே இல்லாமல் வழவழவென்று இழைத்த மரத்தைத்தான் நான் சொல்வேன். அரக்குப் பூசிக் கடையும் கர்நாடகத்துச் சன்னபட்டணம் பொம்மைகளும் நல்லவை, நம்பகமான இடத்தில் வாங்கி, குழாயில் போட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

வாக்கர் வேண்டாம். உட்கார்ந்தபடி உந்திப் போவதால் நடை சீக்கிரம் வருவதில்லை, படிக்கட்டில் உருண்டு விழும் ஆபத்துதான் கூடுகிறது. கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. உங்கள் மாமியாரிடம் நம் ஊர் மர நடைவண்டி வாங்கித் தரச் சொல்லுங்கள், அத்தைக்கும் சந்தோஷமாக இருக்கும். அதில் பிள்ளை தன் காலில் நின்று, பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கிறான். அடி கனமாக இருக்க வேண்டும், சக்கரம் வழுக்கி ஓடக் கூடாது, அதை மட்டும் பாருங்கள். பிடித்து நிற்கத் தொடங்கிய பிறகு, சமதரையில், ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள்.

இழுக்கும் பொம்மை, தொட்டிலில் தொங்கும் பொம்மை இவற்றில் கயிறு ஒரு சாணுக்கு மேல் இருந்தால் வெட்டிவிடுங்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

அட்டைக் குழாயை உங்கள் மகளிடமே கொடுங்கள். பரிசைப் பிரித்ததும் ஒவ்வொன்றையும் அவளே போட்டுப் பார்க்கட்டும், ஆறு வயதுக்கு அது நல்ல விளையாட்டு. உள்ளே போனதெல்லாம் அவளுடைய மூடி போட்ட டப்பாவுக்கு, தம்பிக்கு எட்டாத அலமாரியில். காந்தமும் ஊறும் வண்ண மணியும் நகத்தால் திறக்கிற பேட்டரி பொம்மையும் மட்டும் அந்த டப்பாவுக்கும் போகாமல் உங்கள் கைக்கு வரட்டும்.