சித்தி எப்போது வந்தாள்?

வணக்கம் சார்,

ஹான்சல், கிரெட்டல் கதையைத் தாது வருஷப் பஞ்சத்துக்குக் கொண்டுவந்து நீங்கள் எழுதியதை வாசித்தேன். திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்து, பெற்ற தாயே பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்லும் இடத்தில் நிறுத்திவிட்டேன். நான் படித்த கதையில் அது சித்தி. ஏன் மாற்றினீர்கள்? அப்புறம் இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாருக்கும் தெரிந்த கதையைத் திரும்பச் சொல்வதில் அப்படி என்ன இருக்கிறது? புதுசாக ஒன்று எழுதலாமே.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.)

அன்புள்ள டீச்சர்,

கோபமெல்லாம் இல்லை. முதலில் சித்தி விஷயத்தை முடித்துவிடுவோம். அதை மாற்றியது நான் இல்லை. ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் முதல் தொகுதியை வெளியிட்டபோது அந்தக் கதையில் இருந்தவள் பெற்ற தாய்தான். அதன்பிறகு வில்ஹெல்ம் கிரிம் பதிப்புக்குப் பதிப்பு கதைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார், 1840இல் வந்த பதிப்பில்தான் அம்மா போய் மாற்றாந்தாய் வந்தாள். ஸ்னோ ஒயிட்டின் அம்மாவுக்கு அந்தக் கதி 1819லேயே வந்துவிட்டது. முதல் பதிப்பு, தலைப்பில் குழந்தைகள் என்ற சொல் இருந்தாலும், பின்னால் குறிப்பெல்லாம் போட்ட பண்டிதப் புத்தகம். வீடுகளில் பிள்ளைகளுக்கு வாசிக்கிறார்கள் என்று ஆனதும், பெற்றவள் இப்படிச் செய்வாளா என்ற சங்கடம் வந்தது, பழி சித்தி தலையில் விழுந்தது. ஆக நீங்கள் மூலக்கதை என்று நினைப்பதே திரும்பச் சொன்ன கதைதான். உங்கள் வகுப்பில் சித்தி வளர்க்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளையை முன்னால் உட்காரவைத்து அந்த 1840 கதையை வாசிப்பது மட்டும் சுலபமா?

சரி, தெரிந்த கதையில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர், திருவிழாவுக்கு நடக்கிற வள்ளி திருமணம் நாடகம் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். வள்ளி முருகனைக் கட்டிக்கொள்வாளா மாட்டாளா என்று தெரிந்துகொள்ள ஒருத்தர்கூடப் பாயைச் சுருட்டிக்கொண்டு வருவதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்துப் போன நாடகம், முடிவு முன்வரிசையில் தூங்கி விழும் பொடியனுக்கும் தெரியும். ஆனால் ஸ்பெஷல் நாடகத்தில் நாரதராக வருபவர் ஒரு ஊர், வள்ளியாக வருபவர் ஒரு ஊர், ஒத்திகை கிடையாது, நேரே மேடையில்தான் சந்திப்பு. தர்க்கம் ஆரம்பித்ததும் தூங்கினவர்களை எழுப்பிவிடுவார்கள். இன்றைக்கு இந்த வள்ளி அந்த நாரதரை எப்படி மடக்கப்போகிறாள், அதற்குத்தான் அத்தனை கூட்டமும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. முடிவு தெரிந்த கதை கேட்பவரின் கையை அவிழ்த்துவிடுகிறது, அடுத்து என்ன என்று ஓடவேண்டியதில்லை, ஏன் இப்படி, வேறு மாதிரி நடந்திருந்தால் என்று நின்று கேட்கலாம். புதுக் கதையில் இந்த வசதி கிடையாது. (நம்மூர்க்காரர்கள் இதில் பழைய கைகாரர்கள். வியாசருக்குத் தெரியாத அல்லியை மதுரைக்கு ராணியாக்கி, அர்ச்சுனனை அவள் பின்னால் அலையவிட்டவர்கள் இல்லையா!)

ஆனால் எதையாவது மாற்றினால் போதும் என்றும் இல்லை. ஓநாய் திருந்திச் சைவமாகி, பாட்டியோடு உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிற மாதிரிக் கதைகள் எனக்கு ஆகாது. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் அச்சிட்ட சிவப்புத் தொப்பிக்காரியை ஓநாய் தின்றுவிடுகிறது, அதோடு கதை முடிந்தது. கிரிம் கதையில் வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்து அவளை வெளியே எடுக்கிறான். அவர்கள்கூட முழுங்கின பிறகுதான் காப்பாற்றினார்கள், பயத்தை எடுக்கவில்லை. அதை எடுத்துவிட்டால் அந்தக் கதையைச் சொல்ல என்ன காரணம் மிச்சம் இருக்கிறது?

நான் மாட்டிக்கொள்கிற இடம் எப்போதும் கதை காரணம் சொல்லாமல் தாண்டுகிற இடம். கிரிம் கதையில் பிள்ளைகள் நகைநட்டோடு வீடு திரும்பும்போது அம்மா செத்துப்போயிருக்கிறாள். எப்படி? ஒரு வரிக்கு மேல் கிடையாது. நாட்டில் பெரும் பஞ்சம் என்று பின்னால் வந்த பதிப்புகளில் கதையே ஆரம்பத்தில் சொல்கிறது, பிறகு அதை மறந்துவிட்டு சூனியக்காரியின் மிட்டாய் வீட்டுக்குப் போய்விடுகிறோம். இங்கே 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்த ஊருக்கு அம்மா எதனால் செத்தாள் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆகவே சிறுமலை அடிவாரத்துக்குக் கதையைக் கொண்டுவந்தேன். திரும்பி வர வழி தெரியப் பிள்ளைகள் போட்டுக்கொண்டே போகும் ரொட்டித் துணுக்குக்குப் பதில் வறுத்த புளியங்கொட்டை. அதைப் பறவை கொத்தவில்லை, பின்னாலேயே வந்த இன்னொரு பசித்த மனுஷன் பொறுக்கித் தின்றான், அதை எழுதும்போதுதான் இந்தக் கதை எனக்கு வசப்பட்டது. சூனியக்காரி வேறு ஆளாக மாறியதற்குக் காரணம் குஞ்சரத்தம்மாள். அந்தப் பஞ்சத்தில் தன் சொத்தையெல்லாம் விற்று மதுரையில் கஞ்சி ஊற்றினாள் என்று சொல்வார்களே, அந்தத் தாசி. ஊரே பட்டினி கிடக்கும்போது ஒரு பொம்பளை சும்மா சோறு போட்டால் நாலு பேர் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்தேன், அந்தப் பேச்சை நம்பி ஓடிய பிள்ளைகள்தான் என் கதையில் இருக்கிறார்கள்.

ஒரு நூலகத்தில் இதை வாசித்தபோது உங்கள் பிள்ளைகள் வயசில் ஒரு சிறுமி, "அப்ப அந்த அப்பாவை யாரும் கேக்க மாட்டாங்களா?" என்றாள். அம்மாவைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. 1812 ஆகட்டும் 1840 ஆகட்டும், காட்டுக்குள் கூட்டிப்போனதில் அவருக்கும் பங்கு உண்டு, கடைசியில் பிள்ளைகளும் நகைகளும் அவருக்கே கிடைக்கின்றன. பெரியவர்கள் அம்மாவா சித்தியா என்பதிலேயே நின்றுவிடுகிறோம்.

அதனால் நிறுத்திய இடத்திலிருந்து வாசியுங்கள் டீச்சர். உங்கள் வகுப்பை உங்களுக்குத்தான் தெரியும், அந்தப் பத்தி அவர்களுக்குக் கனம் என்று பட்டால் அம்மா வாயிலிருந்து அந்தப் பேச்சை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரிக்கோ ஊர்ப் பெரியவருக்கோ கொடுத்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்பாவை மட்டும் தப்பவிடாதீர்கள்.