ஆய்வுக்குப் பதில் சொல்லலாம், ஆதார் நகல் எதற்கு?

கேள்வி: முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஆய்வு என்று இருவர் வந்து இரண்டு மணி நேரம் விவரம் கேட்டுப் போனார்கள். அவர்களை அழைத்து வந்த உள்ளூர்க்காரர் இப்போது, “அறிக்கை அரசுக்குப் போனதும் மாற்றுத்தொழில் கடன் வரும், ஆதார் நகலும் 300 ரூபாயும் கொடுங்கள்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. ஆய்வு என்பது கடன் விண்ணப்பம் அல்ல. அதில் பதில் சொன்னவர் பெயருக்குச் சலுகை எதுவும் வராது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு முடிந்த மறுவாரமே இப்படி ஓர் ஆள் முளைப்பதை நான் பல ஊர்களில் பார்த்துவிட்டேன். சுளகை மடியில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் குனிந்து உழைப்பவரிடம் 300 ரூபாய் பறிப்பவரை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

ஆய்வால் திட்டம் வருமா? வரும், ஆனால் மெதுவாக வரும். பள்ளியில் பிள்ளைகள் மென்று விழுங்கும் குடற்புழு மாத்திரையைப் பார்த்திருப்பீர்கள். கென்யாவில் 75 பள்ளிகளில் அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1998-ல் தொடங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருக்கும் நாட்கள் சுமார் கால் பங்கு குறைந்தன என்று 2004-ல் எழுதினார்கள். நம் நாட்டில் தேசியக் குடற்புழு நீக்க நாள் வந்தது 2015-ல். அந்த ஒரே ஆய்வால் வந்துவிடவில்லை. செலவு குறைவு, பள்ளி வழியே கொடுத்துவிடலாம் என்பதும் சேர்ந்தது.

உங்கள் தொழிலுக்கும் ஒரு வாசகம் எழுதப்பட்டிருக்கிறது. 2005-ல் நடைமுறைக்கு வந்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17-வது பிரிவு, புகையிலைத் தொழிலாளருக்கு மாற்று வாழ்வாதாரத்தை ஊக்குவிக்கச் சொல்கிறது. இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. அந்த வாசகம் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர இத்தனை ஆண்டுகளா? ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி அலமாரியில் அடுக்கினால் எப்படி வந்து சேரும்?

ஒழுங்கான ஆய்வாளர், தமிழில் தகவல் தாள் தந்து, படித்துக் காட்டி, சம்மதம் கேட்ட பிறகுதான் தொடங்குவார். பாதியில் நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தாளில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு, இந்த ஆள் கேட்பதைச் சொல்லுங்கள்.

எதையும் கொடுக்காதீர்கள் என்றதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு. வேலையை விட்டு உட்கார்ந்த நேரத்துக்கு ஈடாகச் சிலர் சிறு தொகை தருவார்கள். அதை வங்கியில் போடுவதானால் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் கேட்பார்கள். அதைக் கொடுக்கலாம். கொடுக்கும்போது, உங்கள் பதில்கள் உள்ள தாளில் அல்லாமல் தனித்தாளில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். ஏ.டி.எம். அட்டை எண் வேண்டியதில்லை, ஓ.டி.பி. வேண்டியதில்லை, வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். பணம் உங்களுக்கு வர வேண்டுமே தவிர, உங்களிடமிருந்து போகக் கூடாது.

முடிவைத் தமிழில் தரச் சொல்லி ஆய்வாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அரசுத் துறைக்காக நடந்த ஆய்வு என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அறிக்கை நகல் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அது கைக்கு வந்ததும், கூடப் பீடி சுற்றும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் 17-வது பிரிவைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். மனு எண் எழுதிய ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.