நன்னடத்தை அலுவலரிடம் எதைச் சொல்வது?

வணக்கம். வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 16 வயது. தனியாகப் போய் ஒருவரின் செல்போனைப் பறித்துவிட்டான். போலீஸ் பிடித்தது, மறுநாள் ஜாமீனில் விட்டார்கள். வந்ததிலிருந்து தூக்கமே இல்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். முன்கையில் பிளேடு கீறல்கள், சட்டையில் போதைக்கு மோந்து பார்க்கிற சொல்யூஷன் பசையின் வாடை. அடுத்த வாரம் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருகிறார். "இதெல்லாம் சொன்னா பைத்தியம்னு எழுதிடுவாங்க" என்கிறார் அம்மா. அவனை மாமா ஊருக்கு அனுப்பிவிடவும் நினைக்கிறார். என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். தம்பி யாரென்று தெரியக் கூடாது.

அலுவலர் வருவதற்குக் காத்திருக்க வேண்டாம். இன்றிரவே அவனைத் தனியாக உட்காரவைத்து, "சாகணும்னு தோணுதாடா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பிளேடு, மாத்திரை, எலி பேஸ்ட் எதுவும் கைக்கு எட்டக் கூடாது. உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இல்லை என்றாலும் காலையில் அங்கே மனநலப் பிரிவில் சீட்டு போடுங்கள். இந்த வயதுப் பையன்களுக்கு மன அழுத்தம் அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படலாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

சொல்யூஷன் மோந்திருக்கும்போது அடிக்கவோ துரத்தவோ கூடாது. அந்த நேரத்துப் பயமும் ஓட்டமும் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி உயிரையே பறிக்கலாம். காற்றோட்டமாக உட்காரவைத்து, தெளிந்த பிறகு பேசுங்கள்.

இனி அம்மாவின் பயம். அலுவலர் எழுதுவது சமூக விசாரணை அறிக்கை. இரண்டு வாரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு, அதாவது 18 வயதுக்குக் கீழானவர்களின் வழக்கை விசாரிக்கும் அமைப்புக்கு, போக வேண்டியது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 99ஆவது பிரிவுப்படி அது ரகசியம். "நல்ல பையன் சார், ஒண்ணுமில்லை" என்று சொல்லி அனுப்பினால் அறிக்கையில் வாடகையும் அப்பாவின் வேலையும்தான் இருக்கும். குழுமத்தின் கண்ணுக்குப் பறித்த போன் மட்டும் தெரியும். தூக்கமின்மை, கீறல், சொல்யூஷன் எல்லாம் எழுதப்பட்டிருந்தால் 18ஆவது பிரிவின் கீழ் மனநல ஆலோசனைக்கும் போதை மீட்புச் சிகிச்சைக்கும் உத்தரவிட வழி உண்டு. ஸ்டான்லி சீட்டின் நகலை அவர் கையிலேயே கொடுங்கள். கீறல் எப்போதிலிருந்து, பள்ளியை எப்போது விட்டான் என்பதைத் தேதியோடு தாளில் எழுதி வையுங்கள்; பதற்றத்தில் மறந்துபோகும்.

வெறும் பறிப்புக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. அதனால் இச்சட்டத்தில் அது சிறு குற்றம். நான்கு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும், கூடுதலாக இரண்டு மாதம் நீட்டலாம், அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கே முடிவுக்கு வந்துவிடும். அவன் வாய்தாவுக்கு வராமல் போனால்தான் சிக்கல். மாமா ஊருக்கு அனுப்புவதானால் முகவரியைக் குழுமத்திடம் கொடுத்து, அனுமதி வாங்கிய பிறகு அனுப்புங்கள்.