அமெரிக்காவில் பேரிடர் உதவித்தொகை விவசாயிகளுக்குக் கிடைப்பதுபோல மரம் வெட்டும் நிறுவனங்களுக்கும் கிடைக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. ஜார்ஜியா மாநிலத்தின் தென்பகுதியில் சிறு பண்ணைகளுக்கும் மரம் வெட்டும் குடும்ப நிறுவனங்களுக்கும் வரிக் கணக்கு முடித்துத் தருபவன் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: பேரிடர் உதவித் திட்டங்கள் நிலத்தின் மேல் நின்ற பொருள் யாருடையதோ அவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன; நிலமோ மரமோ சொந்தமாக இல்லாமல், கடனில் வாங்கிய இயந்திரங்களைக் கொண்டு பிழைப்பவருக்கு அவற்றில் இடம் கிடைப்பது அரிது.

2018 அக்டோபர் 10 அன்று கரையைக் கடந்த மைக்கேல் புயலை எடுத்துக்கொள்வோம். புளோரிடாவில் மட்டும் சுமார் 28 லட்சம் ஏக்கர் காடு சேதமடைந்தது. அங்கு மர இழப்பு ஏறக்குறைய 130 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. ஜார்ஜியாவில் பருத்தி, பீக்கன் என்னும் கொட்டை மரத் தோப்பு, பைன் காடு மூன்றும் அடிபட்டன. பருத்திக்கு அரசு மானியத்துடன் பயிர்க் காப்பீடு உண்டு. பைன் காட்டுக்குக் காப்பீடு எடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வரிக் கழிவும் காட்டு உரிமையாளருக்குக் கைகொடுக்கவில்லை, ஏனெனில் கழிக்கக்கூடிய தொகை, விழுந்த மரத்தின் சந்தை மதிப்பு எவ்வளவாக இருந்தாலும், அதற்காகக் கணக்கில் மிஞ்சியிருக்கும் அடக்கவிலையை, அதாவது வாங்கவோ நடவோ ஆன செலவில் இதுவரை கழிக்காத பகுதியை, தாண்ட முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் நட்ட காட்டுக்கு அது அற்பத் தொகை. புயல் நிவாரணத்துக்குப் பணம் ஒதுக்கும் நிதிச் சட்டம் 2019 ஜூனில்தான் நிறைவேறியது. ஜார்ஜியாவுக்கு ஒதுக்கப்பட்ட 34.7 கோடி டாலருக்கு விண்ணப்பம் பெறத் தொடங்கியபோது 2020 மார்ச் ஆகிவிட்டது.

சாய்ந்த மரத்தில் நீலப் பூஞ்சை பிடிக்குமுன் வெளியேற்றியாக வேண்டும் என்பதால், புயலுக்குப் பிந்தைய மாதங்களில் மரம் வெட்டுவோருக்கு வேலை இருந்தது உண்மைதான். அவர்களுடைய நட்டம் அதன் பிறகு, வெட்டுவதற்குக் காடே இல்லாதபோது வந்தது. அதை எழுத விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.

இதற்கு விதிவிலக்காக அமைந்தது கொரோனாக் காலத்துத் திட்டம். விவசாயிகளுக்கான நேரடி உதவிக்கு 2020 மே மாதமே விண்ணப்பம் தொடங்கியிருக்க, மரம் வெட்டுவோருக்கும் மர லாரி ஓட்டுவோருக்கும் 20 கோடி டாலர் வரையிலான திட்டத்தை வேளாண் துறை 2021 ஜூலையில்தான் திறந்தது. ஆயினும் அது மரத்தை எண்ணாமல் வருவாயை எண்ணியது: 2019 ஜனவரி 1 முதல் டிசம்பர் 1 வரையிலான மொத்த வருவாயோடு ஒப்பிட்டு, 2020-இன் அதே காலத்தில் 10 விழுக்காடாவது குறைந்திருந்தால், குறைந்த தொகையில் 80 விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்டு, 1,25,000 டாலர் உச்சவரம்புக்குள் உதவி கணக்கிடப்பட்டது. அளவுகோல் சரியானது என்றே நான் கருதுகிறேன். வருவாயில் பாதியாவது மர வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான், சில நாள் மரமும் பல நாள் மண்ணும் ஏற்றிப் பிழைத்த லாரிக்காரர்களை வெளியே நிறுத்தியது. (வரி ஆண்டு டிசம்பர் 31-இல் முடிய, உதவிக் கணக்கு 1-ஆம் தேதியோடு முடிந்ததால், எல்லாப் பேரேடுகளையும் மறுபடி பிரிக்க வேண்டியிருந்தது வேறு கதை.)

ஆகவே இத்தொழிலில் இருப்பவர்களிடம், ஆலை தரும் எடைச்சீட்டுகளையும் பணப்பட்டுவாடாச் சீட்டுகளையும் தேதிவாரியாக வைத்திருக்கும்படி சொல்கிறேன். நிலப் பத்திரம் இல்லாதவரிடம் இழப்பைக் காட்டக்கூடிய ஆவணம் வேறெதுவும் இருப்பதில்லை.